சைக்கிள் ஷூ: 5,500 ரூபாயா, 32,000 ரூபாயா?

கேள்வி: கோவையில் வங்கி வேலையில் இருக்கிறேன். வயது 46. இரண்டு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். வார நாட்களில் பேரூர், ஆலாந்துறை வரை போய்த் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் பக்கம் 70, 80 கிலோமீட்டர். ஜனவரியில் என் முதல் 200 கி.மீ. பிரவேக்கு (நேர வரம்புக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம்) பெயர் கொடுக்கப் போகிறேன். இதுவரை கால் மாட்டாத சாதாரண ஃப்ளாட் பெடலும் ரன்னிங் ஷூவும்தான். 40 கிலோமீட்டர் தாண்டினால் இடது கால் விரல்கள் மரத்துப் போகின்றன. கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் "கார்பன் சோல் ஷூ வாங்குங்க, சரியாகிவிடும்" என்கிறார்கள். கடையில் 5,500, 13,000, 32,000 ரூபாய் என்று மூன்று ஜோடி காட்டினார்கள். மூன்றும் அடியில் மூன்று துளை உள்ள ரோடு ஷூக்கள். பெடலுக்குத் தனியாகப் பணம். இது மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் வருடம். கால் பெடலில் மாட்டிக்கொண்டு சிக்னலில் விழுந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. எதை வாங்குவது? எவ்வளவு செலவழிப்பது நியாயம்?

பதில்:

அந்த மூன்று ஜோடியையும் இப்போதைக்குக் கடையிலேயே விட்டுவிடுங்கள். 32,000 ரூபாய் ஷூ உங்களுக்குத் தேவையில்லை என்பதை நீங்களே ஓரளவு ஊகித்திருப்பீர்கள். 5,500 ரூபாய் ஷூவையும் சேர்த்து வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. நீங்கள் ஓட்டப் போகும் விதத்துக்கு அந்த வகையே ஒத்துவராது. அதை விளக்குவதற்கு முன் கால் மரத்துப் போவதைப் பேசியாக வேண்டும். ஷூ வாங்கும் யோசனையே அதிலிருந்துதானே கிளம்பியிருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். சைக்கிள் ஓட்டுகிறவர்களின் முழங்கால், இடுப்பு, பாதம் இவற்றுக்குச் சிகிச்சை தருவதும், சைக்கிளை அவரவர் உடம்புக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பதும் என் வேலை. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் கால் மரக்கிறது என்று வந்தால், ஷூவைப் பற்றிக் கேட்பதற்கு முன் சர்க்கரையைப் பற்றித்தான் கேட்பேன். கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள்? சைக்கிளில் இல்லாத நேரத்திலும், முக்கியமாக இரவில் படுத்திருக்கும்போது, பாதத்தில் எரிச்சலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ வருகிறதா? வருகிறது என்றால் ஷூ கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு கால்களிலும் சேர்ந்தே தொடங்கும். உங்களுக்கு ஒரு காலில் மட்டும், அதுவும் ஓட்டும்போது மட்டும் வருவதால், அழுத்தம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் சோதனை செய்துவிட்டு நினைப்பதே நல்லது. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். புது ஷூ உண்டாக்கும் கொப்புளம் வலிக்காமலே போய்விடலாம். ஆபத்தே அங்குதான்.

சரி, சர்க்கரை இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாதத்தின் முன்பகுதியில் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன. விரல்களுக்குப் போகும் நரம்புகள் அவற்றின் இடைவெளியில்தான் ஓடுகின்றன. பக்கவாட்டில் ஷூ இறுக்கினாலும், மேலிருந்து லேஸ் அழுத்தினாலும், கீழிருந்து பெடல் ஒரே இடத்தில் குத்தினாலும் அந்த நரம்புகள் நசுங்கி விரல் மரக்கிறது. ரன்னிங் ஷூவின் சோல் மெத்தென்று இருப்பதால் ஃப்ளாட் பெடலின் விளிம்பும் முட்களும் மணிக்கணக்கில் உள்ளே உறைக்கும். சீட் கொஞ்சம் உயரமாக இருந்தால் பெடல் கீழே போகும்போதெல்லாம் விரல் நுனியை நீட்டி எட்ட வேண்டியிருக்கும். அப்போது எடை முழுவதும் முன்பாதத்தில் இறங்கும். நம் கோடையில் பாதம் வீங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டில் சரியாகக் கட்டிய லேஸ் ஒன்பது மணி வெயிலில் இறுக்கமாகிவிடும். இடது காலில் மட்டும் வருவதற்கு எளிய காரணம், உங்கள் இடது பாதம் வலதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கலாம் என்பதுதான். நிறையப் பேருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

ஆகவே காசு செலவில்லாத மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒன்று. மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதல் ஞாயிறு, இடது ஷூவில் விரல் பக்கமுள்ள முதல் இரண்டு துளைகளில் லேஸ் கோக்காமல் விட்டு, மேலே மட்டும் கட்டி ஓட்டுங்கள். அடுத்த முறை லேஸைப் பழையபடி கட்டி, பாதத்தைப் பெடலில் ஒரு விரற்கடை முன்னே தள்ளி வையுங்கள். பெடலின் அச்சு விரல்களுக்கு அடியில் இல்லாமல், கட்டைவிரல் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். மூன்றாவது முறை சீட்டை மூன்று, நான்கு மில்லிமீட்டர் இறக்குங்கள். இறக்குவதற்கு முன் சீட் போஸ்ட்டில் பழைய உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இவற்றில் எது மரத்துப் போவதைத் தள்ளிப்போடுகிறதோ, அது நீங்கள் வாங்கப் போகும் ஷூவில் எதைத் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். லேஸைத் தளர்த்தியதில் குணம் தெரிந்தால் உங்களுக்கு அகலமான ஷூ வேண்டும். பாதத்தை முன்னே தள்ளியதில் தெரிந்தால், கிளீட்டை (ஷூவின் அடியில் பொருத்திப் பெடலில் மாட்டும் துண்டு) நன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்த முடிகிற ஷூ வேண்டும். சீட்டில் தெரிந்தால் ஷூவுக்கே அவசரமில்லை.

கார்பன் சோல் போட்டால் மரத்துப் போவது நிற்கும் என்று சொல்கிறார்களே, அதை நான் ஏற்க மாட்டேன். 2003இல் ஒரு பாத மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஒரே ஆட்களுக்குப் பிளாஸ்டிக் சோல் ஷூவையும் கார்பன் சோல் ஷூவையும் போட்டு, பாதத்தின் அடியில் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். கார்பன் சோலில் உச்ச அழுத்தம் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. வளையாத சோல் எடையைப் பரப்பி வாங்க வேண்டுமானால், உள்ளே பாதத்தின் வளைவைத் தாங்கும் இன்சோல் வேண்டும். வெறும் தட்டை இன்சோலோடு விறைப்பான பலகையில் நின்றால் அழுத்தம் முன்பாத எலும்புகளில்தான் குவியும். ஏற்கெனவே முன்பாதம் மரக்கிற ஒருவருக்கு 32,000 ரூபாய் கொடுத்து அந்த அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சைக்கிள் ஷூவும் கிளீட்டும் உண்மையில் என்ன தருகின்றன என்று தெரிந்தால், எவ்வளவு செலவழிப்பது என்பது தானாகத் தெளிவாகும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ரன்னிங் ஷூவோடு ஃப்ளாட் பெடலில் ஓட்டியபோதும், சைக்கிள் ஷூவை மாட்டி ஓட்டியபோதும், நிதானமான வேகத்தில் உடம்பு செலவழித்த சக்தியில் வித்தியாசம் தெரியவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் 2020ஆம் வருட ஆய்வில், முழு பலத்தையும் போட்டு ஸ்பிரிண்ட் அடிக்கும்போது மட்டும் மாட்டிய ஷூ தெளிவாக முந்தியது. காலை மேலே இழுத்து ஓட்டினால் பாதி வேலை மிச்சம் என்று குழுக்களில் சொல்வதும் சரியில்லை. வேண்டுமென்றே மேலே இழுத்து ஓட்டியவர்களின் உடம்பு அதே வேலைக்கு அதிக சக்தி செலவழித்தது என்று 2007இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஷூவே வேண்டாமா? வேண்டும் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன். 200 கிலோமீட்டர் பிரவேக்கு நேர வரம்பு 13 மணி 30 நிமிடம். அவ்வளவு நேரம் பாதம் ஒரே இடத்தில், சரியான கோணத்தில் இருந்தால் முழங்காலுக்கு நல்லது. மழையில் பெடலிலிருந்து கால் வழுக்காது. குலுங்கும் சாலையில் காலைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியதில்லை. பத்து மணி நேரத்துக்குப் பிறகு இவை பெரிய விஷயங்கள். ஆனால் இவை எல்லாம் நைலான் சோல் ஷூவிலேயே முழுதாகக் கிடைக்கும். வேகத்துக்காகப் பணம் கொடுக்கிறோம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்போது வகைக்கு வருவோம். கடையில் உங்களுக்குக் காட்டியது மூன்று துளை ரோடு ஷூ. பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பிடிப்பான் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், 1984இல் அதே உத்தியைச் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறுவருடம் பிரெஞ்சுப் பந்தய வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்றார். அதிலிருந்து வந்தவைதான் அகலமான பிளாஸ்டிக் கிளீட் வெளியே துருத்தி நிற்கும் ரோடு ஷூக்கள். சைக்கிளை விட்டு இறங்கவே இறங்காத பந்தய வீரனை மனதில் வைத்துச் செய்தது அது. ஆனால் மலைப்பாதையில் ஓட்டுகிறவன் சேற்றில் இறங்கித் தள்ள வேண்டும், பாறையில் ஏற வேண்டும். அவனுக்காக 1990இல் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ எஸ்பிடி என்ற பெடல் முறையைக் கொண்டுவந்தது. இதில் சின்ன இரும்புக் கிளீட் இரண்டு போல்ட்டில் சோலுக்குள் புதைந்திருக்கும். சுற்றிலும் ரப்பர் இருப்பதால் சாதாரணமாக நடக்கலாம்.

நீங்கள் பந்தயத்துக்குப் போகவில்லை. பிரவேயில் கண்ட்ரோல் என்னும் சோதனை இடத்தில் இறங்கி அட்டையில் முத்திரை வாங்குவீர்கள், டீக்கடையில் நிற்பீர்கள், பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குப் போவீர்கள். ஈரமான டைல்ஸ் தரையில் மூன்று துளைக் கிளீட்டோடு நடந்து இடுப்பு அடிபட்டவர்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் கிளீட் தார் ரோட்டில் நடந்தே தேய்ந்துவிடும். தேய்ந்தால் பிடிப்பு போகும், புதிதாக வாங்க வேண்டும். இரும்புக் கிளீட் வருடக்கணக்கில் வரும். எனவே உங்களுக்கு வேண்டியது இரண்டு துளை ஷூ. கடையில் மவுண்டன் பைக் ஷூ, கிராவல் ஷூ, டூரிங் ஷூ என்று எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் பரவாயில்லை. ரோடு பைக்கில் இதைப் போட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நீண்ட தூரம் ஓட்டுகிற ஏராளமானவர்கள் போடுவது இதைத்தான்.

அளவு விஷயத்தில் பொறுமையாக இருங்கள். பணத்தைவிட இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நம்மில் பலர் சிறுவயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்கள். 2009இல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வு, தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர்களின் பாதங்களை ஐரோப்பியர்களின் பாதங்களோடு ஒப்பிட்டது. வெறுங்கால் பாதங்கள் முன்புறம் அகலமாகவும், ஐரோப்பியப் பாதங்கள் ஒடுங்கியும் இருந்தன. நம் ஊரில் விற்கும் சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை ஒடுங்கிய அச்சில் வார்த்தவை. நீளம் சரியாக இருந்து அகலம் பற்றாமல் போவதும், அதைச் சமாளிக்க ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக் குதிகால் உள்ளே நழுவுவதும் நான் அடிக்கடி பார்ப்பது. குதிகால் நழுவினால் கிளீட்டைத் திருப்பிக் கழற்றவே சிரமம்.

சாயங்காலம், முடிந்தால் ஒரு ஓட்டம் முடிந்த நாளில், தரையில் வெள்ளைத்தாள் வைத்து அதில் முழு எடையோடு நில்லுங்கள். வீட்டில் ஒருவரைப் பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரையச் சொல்லுங்கள். நீளம், முன்பாதத்தின் அதிகபட்ச அகலம் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரிய பாதத்துக்குத்தான் ஷூ. ஷிமானோ அட்டவணையில் 42 என்பது 26.5 சென்டிமீட்டர் பாதத்துக்கு, 43 என்பது 27.2க்கு. இன்னொரு நிறுவனத்தில் அதே 42 வேறு மாதிரி இருக்கும். ஆகவே 'நான் எட்டாம் நம்பர்' என்று கேட்காமல் சென்டிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். சில மாடல்களில் அதே நீளத்தில் அகல வடிவமும் தனியாக உண்டு. கடையில் இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது ஓட்டும்போது போடுகிற அதே மெல்லிய சாக்ஸோடு போங்கள். ஷூவின் இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலுக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். விரல்களுக்கு முன்னால் அரை சென்டிமீட்டராவது இடம் வேண்டும். விரல்களை உள்ளே விரிக்க முடிய வேண்டும். குதிகால் அசையக் கூடாது. கால் மணி நேரம் அப்படியே கடையில் நில்லுங்கள், நடங்கள். போடப் போட இளகிவிடும் என்று விற்பனையாளர் சொன்னால், துணிப்பகுதி கொஞ்சம் இளகும், சோல் ஒரு மில்லிமீட்டர்கூட அகலாது என்பதை நினைவில் வையுங்கள். வெளிநாட்டு இணையதளத்தில் மலிவாகக் கிடைத்தாலும் முதல் ஜோடிக்கு வேண்டாம். சுங்கவரி ஒரு பக்கம், அளவு தப்பினால் திருப்பி அனுப்பும் செலவு இன்னொரு பக்கம்.

இப்போது பணம். விலை ஏற ஏற என்ன மாறுகிறது என்று பார்த்தால், ஐந்தாறாயிரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டாயிரம் வரை உங்கள் பாதத்துக்குத் தெரிகிற மாற்றங்கள் வரும்: குதிகாலைப் பிடிக்கும் வடிவம், மேல்துணியின் மென்மை, காற்றோட்டம், கொஞ்சம் நல்ல இன்சோல், நைலானோடு கண்ணாடியிழை கலந்த சோல். அதற்கு மேலே கொடுப்பது பெரும்பாலும் விறைப்புக்கும் எடைக்கும், லேஸுக்குப் பதில் கம்பியை இறுக்கும் டயலுக்கும். ஷிமானோ தன் ஷூக்களுக்கு விறைப்பு எண் போடுகிறது, அதிகபட்சம் 12. மற்ற நிறுவனங்களின் எண்கள் அவரவர் கணக்கு, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. உங்களுக்கு நடுத்தர விறைப்பு போதும். கையால் வளைத்தால் லேசாக வளைய வேண்டும், கட்டைவிரல் மூட்டில் மடியக் கூடாது.

எடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விலை உயர்ந்த ஷூ ஜோடிக்கு 200 கிராம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் சைக்கிளும் தண்ணீர்ப் பாட்டிலும் சேர்ந்து 90 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற மூன்று மணி நேரம் ஆகிறது என்றால், அந்த 200 கிராம் மிச்சப்படுத்தித் தருவது அரை நிமிடத்துக்கும் குறைவு. வழியில் ஒரு டீயைத் தவிர்த்தால் அதைவிட அதிகம் மிச்சம். டயல் நல்ல வசதிதான், ஓட்டிக்கொண்டே தளர்த்தலாம். பாதம் வீங்குகிற உங்களுக்கு அது பயன்படும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று வெல்க்ரோ பட்டை உள்ள ஷூவிலும் முன்பட்டையை மட்டும் தளர்த்தலாம். அறுந்துபோக அதில் கம்பியும் இல்லை.

என் கணக்கு இது. ஷூ, பெடல், கிளீட், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாயை உச்சவரம்பாக வையுங்கள். ஷூவுக்கு ஆறிலிருந்து எட்டாயிரம், பெடலுக்கு மூவாயிரத்தை ஒட்டி, மீதி பொருத்துவதற்கும் தேவைப்பட்டால் வளைவைத் தாங்கும் இன்சோலுக்கும். புது எஸ்பிடி பெடலோடு பொதுவாகக் கிளீட் சேர்ந்தே வரும், அப்போது தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். டெகத்லானின் சொந்த ஷூக்களையும் ஒதுக்க வேண்டாம், அகலம் ஒத்துவந்தால் முதல் ஷூவாகத் தாராளமாகப் போதும். இந்த வரம்பை ஒரே ஒரு காரணத்துக்காக மீறலாம்: உங்கள் பாதத்துக்குப் பொருந்தும் அகல மாடல் இரண்டு மூவாயிரம் கூட என்றால் யோசிக்காமல் கொடுங்கள். பொருந்தாத ஷூவை மலிவாக வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் இன்னொன்று வாங்குவதுதான் உண்மையான வீண்செலவு.

பெடலைப் பழையதாகவே வாங்கலாம், எஸ்பிடி பெடல் எளிதில் கெடாது. ஷூவைப் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே இன்னொருவருடைய பாதத்தின் பள்ளம் பதிந்திருக்கும், கிளீட் துளைகளின் மரை போயிருக்கலாம். பாதி விலைக்கு வரும் பழைய ஸ்டாக்கிலும் கவனம் தேவை. சில ஷூக்களின் சோலில் பாலியூரித்தேன் இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் போடாமல் பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்தாலும் அது உதிர ஆரம்பித்துவிடும். தள்ளுபடி ஷூவானால் சோலை விரலால் அழுத்திப் பாருங்கள், ஒட்டிய விளிம்புகளைப் பாருங்கள்.

விழும் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானது. புதிதாக மாட்டுகிற பலரும் ஒரு முறையாவது நின்ற இடத்தில் சாய்கிறார்கள். ஆனால் அதைப் பெருமளவு தவிர்க்கலாம். ஒரு பக்கம் ஃப்ளாட்டாகவும் மறுபக்கம் எஸ்பிடியாகவும் உள்ள பெடல் கிடைக்கிறது, உங்களைப் போல ஊருக்குள்ளும் ஓட்டுகிறவருக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். லாலி ரோடு நெரிசலில் ஃப்ளாட் பக்கத்தில் மிதித்துப் போய், பேரூர் தாண்டியதும் மாட்டிக்கொள்ளலாம். ஷிமானோவில் எஸ்எச்51 கிளீட் குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். எஸ்எச்56 கிளீட் மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தாலும் கழலும். உங்களுக்கு இரண்டாவது. பெடலில் இருக்கும் சின்ன ஸ்குரூவை ஆலன் கீயால் மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

நம் சாலையில் நாம் இடது ஓரம்தான் நிற்போம், ஆகவே முதலில் ஊன்றுவது இடது கால். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றிய பிறகே பிரேக் பிடிக்க வேண்டும், பிரேக் பிடித்த பிறகு அல்ல. முதலில் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றுங்கள். பிறகு காலி மைதானத்தில், புல் இருந்தால் இன்னும் நல்லது. யோசிக்காமலே கால் திரும்புகிற வரை ரோட்டுக்கு வர வேண்டாம். மரத்துப் போன காலால் குதிகால் எவ்வளவு திரும்பியது, கழன்றதா இல்லையா என்று உணர முடியாது. உங்களுக்கு மரப்பதும் அந்த இடது கால்தான். அதனால்தான் அந்த மூன்று சோதனைகளை முதலில் வைத்தேன். விரல் மரப்பது அடங்காமல் கிளீட் போடாதீர்கள்.

கிளீட் பொருத்தும்போது ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் எங்கே இருக்கின்றன என்று வெளியே மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே பெடல் அச்சு வருவது வழக்கமான நிலை. உங்களுக்கு அதிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் பின்னால், குதிகால் பக்கம், வைக்கச் சொல்வேன். முன்பாத அழுத்தம் குறையும், கெண்டைக்காலும் களைக்காது. மேஜை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, கிளீட்டையும் அதே கோணத்தில் வையுங்கள். போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி நன்றாக இறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் இறுக்குங்கள். கிளீட் தளர்ந்திருந்தால் ஷூ மட்டும் திரும்புமே தவிர, கிளீட் பெடலிலிருந்து கழலாது. முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ புதிதாக வலித்தால் தாங்கிக்கொண்டு ஓட்டாதீர்கள். கோணத்தைச் சிறிதளவு மாற்றிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் பைக் ஃபிட்டிங் செய்கிற ஒருவரிடம் போங்கள். அதற்குக் கொடுக்கும் பணம் கார்பன் சோலுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு பயன்படும்.

பிரவேக்கு ஆறு வாரத்துக்கு முன்னதாக வாங்கிவிடுங்கள். முதலில் 20, 30 கிலோமீட்டர், பிறகு உங்கள் வழக்கமான மேட்டுப்பாளையம் ஓட்டம், பிறகு ஒரு 120. கடைசி இரண்டு வாரத்தில் கிளீட்டையோ சீட்டையோ தொட வேண்டாம். டிசம்பர் முடிவதற்குள் புது ஷூ பழகவில்லை என்றால், ரன்னிங் ஷூவும் ஃப்ளாட் பெடலுமாகவே ஜனவரி 200ஐ ஓட்டுங்கள். பிரவே விதிகளில் காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, சக்தி செலவிலும் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. அப்படி ஓட்டுவதானால் இடது லேஸின் முதல் இரண்டு துளைகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு கண்ட்ரோலிலும் ஷூவைக் கழற்றி இரண்டு நிமிடம் விரல்களை அசைத்துவிட்டுக் கிளம்புங்கள்.